நிறைகுடமும் மின்கலமும்

2023ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள் மாலை, எழுதிக்கொண்டிருந்தபோது என் மடிக்கணினி மேசைமீது மெல்ல ஆடத் தொடங்கியது. மேசையின் கால் தாழ்ந்துவிட்டது போலும் என்று எண்ணி, நாளிதழ்த் துண்டு ஒன்றை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தேன். ஆட்டம் நிற்கவில்லை. கணினியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பலகை, மழையில் நனைந்து உலர்ந்த புத்தக அட்டையைப் போல நடுவே புடைத்திருந்தது.

கடைத்தெருவில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் திருகுகளைக் கழற்றி, உள்ளே சிறு தலையணை போல ஊதிக் கிடந்த மின்கலத்தைக் காட்டினார். "ஐயா, இதை எப்போதும் மின்சாரத்தில் செருகியேதான் வைத்திருந்தீர்களா?" என்று கேட்டார். "ஆம், நான்கு ஆண்டுகளாக ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை" என்றேன், சிறிது பெருமையோடு. "அதுதான் ஐயா கோளாறு. இந்தக் கலத்தை எந்நேரமும் நூற்றுக்கு நூறாக வைத்திருந்தால் விரைவில் கெட்டுவிடும்" என்றார் அவர்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நான் கற்பித்தது அதற்கு நேர்மாறானது. "சேமக்கலத்தை ஒருபோதும் வெறுமையாக விடாதே, நிறைத்தே வை" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எத்தனையோ மாணவர்கள் அதைப் படியெடுத்திருக்கிறார்கள். அப்படியானால் நான் கற்பித்தது பிழையா? இந்தக் கேள்வியோடுதான் ஓய்வு பெற்ற நான் மீண்டும் மாணவனானேன். தேடிப் படித்ததில் தெரிந்த உண்மை இது: நான் சொன்னதும் பிழையன்று; இளைஞர் சொன்னதும் பிழையன்று. இடையில் கலமே வேறாகிவிட்டது. சேமக்கலம் தோன்றிய நாள் முதல் மூன்று குலங்களைச் சேர்ந்த கலங்கள் நம் கைக்கு வந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விதி இருந்தது. கலம் மாறிய பின்னும் பழைய விதி மட்டும் நம் வாயில் நிலைத்துவிட்டது.

முதற்கலத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அது பாடநூல்களில் உள்ளதுதான். இத்தாலி நாட்டில் கால்வானி என்னும் உடற்கூற்று அறிஞர், இறந்த தவளையின் கால் உலோகம் பட்டதும் துடிப்பதைக் கண்டு, அது உயிரினத்தின் மின்சாரம் என்றார். அவர் நாட்டவரேயான வோல்ட்டா அதை ஏற்கவில்லை. துடிப்புக்குக் காரணம் இரு வேறு உலோகங்களின் சேர்க்கையே என்றார். வெள்ளித் தகடும் துத்தநாகத் தகடும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்துக் காட்டினார். 1800ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாள் இலண்டன் ராயல் சங்கத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் இந்த அடுக்கு உலகுக்கு அறிமுகமாயிற்று. 'பேட்டரி' என்ற பெயர் அதற்கும் முந்தியது. பீரங்கி வரிசையைக் குறிக்கும் அச்சொல்லை, மின்னேற்றிய கண்ணாடிச் சாடிகளின் வரிசைக்குச் சூட்டியவர் அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

வோல்ட்டாவின் அடுக்கும், அதன் வழிவந்த டேனியல் கலம், லெக்லாஞ்சே கலம் முதலியனவும் முதன்மைக் கலங்கள் எனப்படும். துத்தநாகம் கரையும் மட்டும் மின்சாரம் தரும். கரைந்த பின் அதன் கதை முடிந்தது. அவற்றைப் பேணும் விதி என்று ஒன்றும் இல்லை. என் சிறு வயதில், டிரான்சிஸ்டர் வானொலியின் ஓய்ந்துபோன கட்டைகளை மாடிச் சுவரில் வெயிலில் காயவைத்து, மாலைச் செய்திக்கு மட்டும் உயிர் வாங்குவோம். நேயர்களில் பலரும் செய்திருப்பீர்கள். சூடு பட்டதும் உள்ளே வினை சிறிது விரைவுபடும், அவ்வளவுதான். சூடு கலத்தின் வினையை விரைவுபடுத்தும் என்ற செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறு கோலத்தில் அது வரும்.

இனிச் சேமக்கலத்துக்கு வருவோம். 1859ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே, இரண்டு காரீயத் தகடுகளுக்கிடையே மின் கடத்தாப் பொருளை வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் நிறுத்தி, வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினார். பின்னர் அத்தகடுகளிலிருந்தே மின்சாரம் திரும்பி வந்தது. மீண்டும் செலுத்தினார், மீண்டும் வந்தது. இவ்வாறு மாற்றி மாற்றிச் செய்யச் செய்யக் கலத்தின் கொள்ளளவு வளர்ந்தது. இன்று எண்ணிப் பார்த்தால் ஒன்று நகைப்பைத் தரும். அந்நாளில் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் மின்சாரம் தரும் இயந்திரங்கள் வரவில்லை. ஆதலால் பிளாந்தே தம் சேமக்கலத்தை நிரப்ப முதன்மைக் கலங்களையே நம்ப வேண்டியிருந்தது. ஒரு குடத்தை நிரப்ப இன்னொரு குடத்தைக் கவிழ்த்தது போன்ற நிலை. டைனமோ பரவி, 1881இல் காமில் ஃபோர் என்பவர் காரீய ஆக்சைடைப் பசையாகத் தகட்டில் பூசும் முறையைக் கண்ட பின்னரே, காரீயக் கலம் ஊருக்குள் புகுந்தது.

இந்தக் கலத்தின் இயல்பு யாது? மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளின் மீதும் காரீய சல்ஃபேட் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது பழையபடி கரைந்து மாறிவிடும். ஏற்றாமல் நாட்கணக்கில் விட்டுவிட்டால், அப்படிவு கெட்டியான படிகங்களாக இறுகும். இறுகியது எளிதில் கரையாது. கலம் அந்த அளவுக்குச் செத்துவிடும். ஆகவே காரீயக் கலத்துக்கு வெறுமையே நஞ்சு, நிறைவே மருந்து.

இந்த விதியைத் தொலைபேசி நிலையங்கள் மிகச் சிறப்பாகப் பயன்படுத்திக்கொண்டன. அங்கே 48 வோல்ட் அளவில் பெரிய காரீயக் கலங்கள் வரிசையாக நிற்கும். ஊர் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் கருவியும் இக்கலங்களும் ஒருங்கே இணைந்திருக்கும். மின்சாரம் உள்ளவரை கலம் வேலை செய்வதில்லை. தன் இயற்கைக் கசிவை ஈடுசெய்யும் அளவுக்குச் சிறிது உறிஞ்சிக்கொண்டு, நிறைந்தபடியே காத்திருக்கும். மின்சாரம் போன நொடியில் சுமையைத் தாங்கும். இதனை மிதவை மின்னேற்றம் என்பர். நம் வீட்டு இன்வர்ட்டரின் கலமும் இவ்வகையே. எப்போதும் மின்சாரத்தோடு இணைந்தே வாழ்வது என்னும் வாழ்க்கை, இவ்வாறு காரீயக் கலத்துக்கு ஏற்ற வாழ்க்கையாக இருந்தது. நான் கரும்பலகையில் எழுதியது இந்தக் கலத்தின் விதியைத்தான்.

இரண்டாம் குலம் நிக்கலின் குலம். 1899இல் சுவீடன் நாட்டவரான வால்டமார் யுங்னர் நிக்கல்–காட்மியம் கலத்தை ஆக்கினார். அதே காலத்தில் எடிசன் மின்சாரக் கார்களுக்காக நிக்கல்–இரும்புக் கலத்தோடு போராடிக்கொண்டிருந்தார். அவருடைய கலம் முரட்டுத்தனமான கையாளுதலையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கார் உலகைப் பெட்ரோல் பிடித்துக்கொண்டது. 1947இல் பிரான்சில் ஜார்ஜ் நாய்மன் நிக்கல்–காட்மியம் கலத்தை முற்றிலும் மூடி முத்திரையிடும் வழியைக் கண்டார். மின்பகுநீர்மம் சிந்தும் அச்சம் நீங்கியது. எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் கவலையில்லாத இக்கலம், கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கெல்லாம் உரியதாயிற்று. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் எப்சன் நிறுவனம் வெளியிட்ட எச்.எக்ஸ்.-20 என்னும் கணினி, ஒரு தாளின் பரப்பே உடையது, 1.6 கிலோகிராம் எடையுள்ளது. அதற்குள் இருந்தது நிக்கல்–காட்மியம் கலம்.

நிக்கல் கலத்துக்கு 'நினைவு' உண்டு என்ற வதந்தி இக்காலத்தில்தான் பரவியது. அதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. விண்கோள்களில் வைத்த கலங்கள், கோளின் சுற்றுக்கேற்ப ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஒரே அளவுக்கு இறங்கி, பின் ஏறிக்கொண்டிருந்தன. கொள்ளளவில் கால் பங்கு மட்டும் இறங்கிப் பழகிய கலம், நாளடைவில் அதற்கு மேல் இறங்க மறுத்தது. தான் பழகிய எல்லையை நினைவில் வைத்திருப்பது போல நடந்துகொண்டது. வீட்டுக் கருவிகளில் அவ்வளவு துல்லியமான பழக்கம் எங்கே வரும்? அங்கே பெரும்பாலும் நேர்ந்தது வேறு. மலிவான மின்னேற்றிகள் நிறைந்த பிறகும் நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டிலும் மிகை ஏற்றத்திலும் கலத்தின் அழுத்தம் தாழ்ந்து போகும். நோய் இரண்டு, ஆனால் மருந்து ஒன்றே: முழுதும் இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றினால் தெளிவு பிறக்கும். ஆகவே "தீரும் வரை பயன்படுத்து, தீர்ந்த பின் ஏற்று" என்பது நிக்கல் கலத்தின் விதியாயிற்று. இளைஞர் பலர் இன்றும் கைப்பேசிக்கு இதைச் சொல்லக் கேட்கிறேன். நிக்கல்–காட்மியம் கலத்தைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் அவர்கள்!

இடையே ஒரு விநோதம். 1989இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கிண்டாஷ் போர்ட்டபிள் என்னும் கணினியில் காரீயக் கலம் இருந்தது. எடை ஏறக்குறைய 7 கிலோகிராம். மடியில் வைப்பதற்கு ஒரு குழந்தையைத் தூக்கும் வலிமை வேண்டும். அதில் கலம் முற்றிலும் தீர்ந்துவிட்டால், சுவரில் செருகியிருந்தாலும் கணினி இயங்காது! காரீயக் கலத்துக்குரிய விதியை அக்கணினி தன் உரிமையாளருக்கு இப்படிக் கட்டாயப் பாடமாகக் கற்பித்தது.

மூன்றாம் குலமே இன்று நம் மடியில் இருப்பது; லித்தியத்தின் குலம். 1970ஆம் ஆண்டுகளில் எண்ணெய் நெருக்கடி உலகை அலைக்கழித்தபோது, அமெரிக்காவில் எக்ஸான் என்னும் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில், இங்கிலாந்தில் பிறந்த ஸ்டான்லி விட்டிங்காம் ஒரு புதுவகைக் கலத்தை ஆக்கினார். டைட்டானியம் டைசல்ஃபைடு என்னும் பொருள் அடுக்கடுக்கானது. அடுக்குகளின் இடைவெளியில் லித்திய அயனிகள், சத்திரத்தில் வழிப்போக்கர் தங்குவது போல வந்து தங்கும். பின் புறப்பட்டுப் போகும். சத்திரத்தின் சுவர்கள் இடிவதில்லை. முந்திய கலங்களில் தகடே கரைந்து மறுபடி உருவாக வேண்டியிருந்தது. இதில் அயனிகள் இடம் பெயர்வது மட்டுமே. குறை என்னவெனில், மறுபக்கத் தகடு லித்திய உலோகமாக இருந்தது. திரும்பத் திரும்ப ஏற்றும்போது அதில் முள்முள்ளாக இழைகள் வளர்ந்து, எதிர்ப்பக்கத்தைத் தொட்டு, தீப்பற்றும் ஆபத்து நேர்ந்தது.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் என்பவரும் அவருடன் பணியாற்றிய மிசூஷிமா முதலியோரும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்னும் சத்திரத்தைக் கண்டனர். அதனால் கலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 4 வோல்ட் ஆயிற்று. 1985இல் ஜப்பானில் அசாஹி கசெய் நிறுவனத்தின் அகிரா யோஷினோ, ஆபத்தான லித்திய உலோகத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் பெட்ரோலியக் கரியை வைத்தார். இரு பக்கமும் சத்திரங்கள். நடுவே அயனிகளின் போக்குவரத்து. மறு ஆண்டில் அவர் ஓர் ஆய்வு செய்தார்: கலத்தின் மேல் கனமான இரும்புக் கட்டியை விழச் செய்தார். லித்திய உலோகக் கலம் தீப்பிடித்து எரிந்தது. அவருடைய கலம் நசுங்கியதேயன்றி எரியவில்லை. அந்தக் கணத்தில்தான் லித்திய–அயனிக் கலம் பிறந்தது என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். 1991இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதலில் கையடக்கப் படக்கருவிகளில், சில ஆண்டுகளில் மடிக்கணினிகளில். விட்டிங்காம், குடினஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குடினஃப் அப்போது 97 வயதினர். ஓய்வு பெற்றவன் இனி என்ன கற்பது என்று நான் அலுத்துக்கொள்ளும் நாட்களில் அவரை நினைத்துக்கொள்வதுண்டு. அவர் 2023இல், நூறு வயது கடந்து மறைந்தார்.

இந்தக் கலத்தில்தான் நிறைவே நோயாகிறது. எவ்வாறு என்று பார்ப்போம்.

கரித்தகட்டின் மேல், அதைச் சூழ்ந்த மின்பகுநீர்மம் சிறிது சிதைந்து, பாலின்மேல் ஆடை படிவது போல ஒரு மெல்லிய படலம் படிகிறது. 1979இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர் பெலட் இப்படலத்தின் இயல்பை விளக்கினார். முதல் ஏற்றத்தில் படியும் ஆடை நன்மையே செய்கிறது. கரியையும் நீர்மத்தையும் பிரித்துக் காக்கிறது. ஆனால் அது படிவது அத்தோடு நிற்பதில்லை. மிக மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும்தோறும் சிறிது லித்தியத்தை விழுங்குகிறது. விழுங்கிய லித்தியம் மீண்டும் போக்குவரத்துக்கு வராது. கலம் நிறைந்திருக்கும்போது கரித்தகட்டில் லித்தியம் நெருக்கமாகக் குவிந்திருப்பதால் இவ்வினை விரைவாகும். மறுபுறம் கோபால்ட் தகடு, தன் லித்தியத்தில் ஏறக்குறைய பாதியை இழந்து, உயர்ந்த அழுத்தத்தில் நிற்கிறது. அந்நிலையில் அது நீர்மத்தை ஆக்சிகரணம் செய்யும், வாயுக்கள் தோன்றும். என் மேசைமீது கணினியை ஆட்டியது அந்த வாயுவே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். செருகியே வைத்தால் மின்சாரம் மேலும் மேலும் ஏறிக் கலம் வீங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. கலம் நிறைந்ததும் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஏற்றத்தை அறவே நிறுத்திவிடுகிறது. கணினி சுவர் மின்சாரத்தில் இயங்குகிறது. காரீயக் கலத்தைப் போலச் சிறிது சிறிதாக ஊட்டும் மிதவை ஏற்றமும் இதற்கு இல்லை. தீங்கு செய்வது மிகையான உணவன்று. வயிறு நிறைந்த நிலையிலேயே, உழைப்பின்றி, ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பது. அதோடு கணினியின் சூடும் சேர்கிறது. வெயிலில் காய வைத்த வானொலிக் கட்டையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கே சூடு நாம் விரும்பிய வினையை விரைவுபடுத்தியது. இங்கே விரும்பாத வினையை விரைவுபடுத்துகிறது. மின்கல நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறும் ஒரு கணக்கின்படி, 25 பாகை வெப்பத்தில் நாற்பது சதவீத ஏற்றத்தோடு ஓராண்டு கிடந்த கலத்துக்குக் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சுகிறது. முழு ஏற்றத்தோடு கிடந்ததற்கு 80 சதவீதமே. 40 பாகையில் அவை முறையே 85, 65 ஆகின்றன. கலத்துக்குக் கலம் வேறுபாடு உண்டு எனினும், சாய்வு எப்பக்கம் என்பது தெளிவு. 40 பாகை என்பது நம் ஊர்களில் சித்திரை மாதத்து நண்பகல்தானே!

எனக்கு மிகவும் வியப்பூட்டியது மற்றொரு செய்தி. 'நூறு சதவீதம்' என்பது இயற்கை வகுத்த எல்லை என்றே நான் எண்ணியிருந்தேன். அஃது உண்மையன்று. லித்தியக் கலத்தின் தொடக்கக் காலத்தில் ஒரு கலத்தை 4.1 வோல்ட் வரை ஏற்றியதையே முழுமை என்றனர். பின்னர் 4.2 பொது வழக்காயிற்று. வேதிப்பொருள்களைச் செம்மைப்படுத்தி, கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் 4.35, 4.4 என்று உயர்த்தினர். உயர்த்தும் ஒவ்வொரு படியிலும் சில நிமிடங்கள் கூடுதலாக இயங்கும், ஆயுள் குறையும். 4.2இலிருந்து 4.1க்கு இறக்கினால் கொள்ளளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போகும். ஆயுளோ கணிசமாக நீளும். ஆகவே நூறு என்ற எண், உற்பத்தியாளர் ஆயுளையும் இயங்கும் நேரத்தையும் பேரம் பேசி வைத்த புள்ளியே. கடையில் வாங்குவோர் நேரத்தைக் கேட்கிறார்கள். ஆயுளைக் கேட்போர் குறைவு.

அப்படியானால் வெறுமை நல்லதா? அதுவும் அன்று. இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

2014ஆம் ஆண்டு, நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் இருபத்திரண்டு மடிக்கணினிகள் இருந்தன. கோடை விடுமுறைக்குப் பூட்டுமுன், எல்லாவற்றையும் முழுதும் தீரும் வரை ஓடவிட்டுப் பிறகே இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும் என்று ஆய்வக உதவியாளருக்கு எழுத்து மூலம் ஆணையிட்டேன். எங்கோ கேட்ட நிக்கல் விதிதான். ஜூனில் திறந்தபோது ஒன்பது கணினிகளின் கலங்கள் எழவில்லை. வெறுமையான லித்தியக் கலம் கிடந்த கிடையிலும் சிறிது கசியும். அதன் அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால், உள்ளே மின்சாரத்தைத் தாங்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கும். அதன் பின் ஏற்றினால் உட்குறுக்கு நேரலாம் என்பதால், பாதுகாப்புச் சுற்று ஏற்றத்தை ஏற்க மறுத்துவிடும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஆசிரியர்கள் முன்னிலையில் அந்த உதவியாளரைக் கடிந்துகொண்டேன். அவர் தலை குனிந்து நின்றார், மறுமொழி சொல்லவில்லை. அவ்வாண்டு முழுவதும் ஒன்பது பிள்ளைகள் சுவர்ச் செருகியின் அருகிலேயே, கம்பி எட்டும் தூரத்தில் அமர்ந்து படித்தனர்.

என் மடிக்கணினி வீங்கிய பிறகு, இவற்றையெல்லாம் படித்த வாரத்தில், அவரைத் தேடிச் சென்றேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். செய்தியைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். "அப்போதே எனக்குத் தெரியும் ஐயா. கடையில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் பாதி ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தான். நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தீர்கள்; அதனால் அப்படியே செய்தேன்" என்றார். பின் காபி கொண்டுவரச் சொன்னார். நாங்கள் வேறு பேச்சுப் பேசினோம்.

பாதி ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைப்பது, நெடுநாள் பூட்டி வைக்கும் கலத்துக்கு. நாள்தோறும் சுவர் மின்சாரத்தில் இயங்கும் கணினிக்கோ, உற்பத்தியாளர்களே வழி செய்திருக்கிறார்கள்; நாம்தான் அதைத் திறந்து பார்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டுகளிலேயே திங்க்பேட் கணினிகளில், எந்த அளவில் ஏற்றம் தொடங்க வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும் என்று பயன்படுத்துவோரே குறிக்கலாம். சோனியின் கணினிகளில் 80 என்றும் 50 என்றும் இரு வரம்புகள் தந்திருந்தனர். 2020இல் ஆப்பிள் நிறுவனம், கணினியே தன் பழக்கத்தையும் வெப்பத்தையும் பார்த்து உச்ச ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. இன்று பல கணினிகளில் இத்தகைய அமைப்பு, 'மின்கலப் பாதுகாப்பு' என்பது போன்ற ஏதேனும் ஒரு பெயரில் ஒளிந்திருக்கிறது.

கழற்றக்கூடிய கலங்கள் இருந்த காலத்தில், மின்சாரத்தில் வேலை செய்யும்போது கலத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவோரும் உண்டு. வேதியியல்படி அது நல்ல முறையே. ஆனால் மின்வெட்டு மிகுந்திருந்த 2012ஆம் ஆண்டில் அப்படிச் செய்து, பத்தாம் வகுப்பு வினாத்தாள் ஒன்றை இரண்டு முறை தட்டச்சு செய்தவன் நான். இக்காலக் கணினிகளில் கலத்தைப் பசையிட்டு ஒட்டிவிடுகிறார்கள். கையடக்கக் கருவிகளின் கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி செய்து, அதற்கு 2027 பிப்ரவரியைக் காலமாகக் குறித்தது. அவ்விதி நம் நாட்டுக் கடைகளையும் எட்டினால் நன்று.

நிக்கல் காலத்தின் பழக்கம் ஒன்று இன்னும் கையேடுகளில் தென்படும்: எப்போதேனும் ஒரு முறை கலத்தை முழுதும் இறக்கி ஏற்றுக என்பது. அது கலத்துக்கான மருந்தன்று. மீதியைக் கணக்கிட்டுக் காட்டும் மின்னணு அளவி, நாளடைவில் தன் கணக்கில் வழுவும். உச்சியையும் அடியையும் ஒரு முறை தொட்டால் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் அது வேண்டுவதில்லை. கலம் வீங்கிவிட்டால் மட்டும் எந்தச் சிகிச்சையும் கூடாது. அழுத்தவோ, குத்தவோ, மீண்டும் ஏற்றவோ முயலாமல், கணினியை அணைத்துத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

புதுக் கலம் பொருத்திய அன்றே என் கணினியில் ஏற்றத்தின் வரம்பை எண்பது என்று குறித்தேன். வெளியூர்ப் பயணத்துக்கு முதல் நாள் இரவு மட்டும் நூறுக்கு ஏற்றிக்கொள்கிறேன். படிக்கட்டின் அடியில் இருக்கும் இன்வர்ட்டரின் காரீயக் கலத்துக்கோ, மாதந்தோறும் காய்ச்சி வடித்த நீரின் மட்டம் பார்த்து, எந்நேரமும் நிறைத்தே வைத்திருக்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருக்க, இன்வர்ட்டரின் மேல் 'நிறைத்து வை' என்றும், கணினி மேசையின் விளிம்பில் 'எண்பது போதும்' என்றும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். பேரப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.